காயப்பொடி டப்பாவின் பின்பக்கம்

சோறு இறங்காது. நாலு வருடமாக எந்த டாக்டரிடம் போனாலும் நான் சொன்னது இந்த இரண்டு வார்த்தைதான். மென்று விழுங்கிய சோறு நெஞ்சுக்குழிக்கு நாலு விரல் மேலே ஓரிடத்தில் வந்து நின்றுவிடும். தண்ணீர் குடித்தால் தண்ணீரும் அதன்மேல் ஏறி நிற்கும். எழுந்து நடப்பேன், முதுகைத் தடவச் சொல்வேன், சிலநேரம் வெளியே போய்த் துப்பிவிட்டு வருவேன். கல்யாண வீட்டில் பந்தியில் உட்காரவே பயம். வாயு என்றார்கள், அசிடிட்டி என்றார்கள், ஓமத்தண்ணீர் குடி என்றார்கள். ஒரு வாய் சோற்றுக்கு ஒரு மடக்குத் தண்ணீர் என்று சாப்பிட்டு அதுவே பழக்கமாகிப் போயிற்று.

2025 ஜனவரியில் நாகர்கோவிலில் ஒரு குடல் டாக்டர் கேமரா விட்டுப் பார்த்தார். உணவுக்குழாயின் சுவரில் வட்டம் வட்டமாக வரி விழுந்திருந்ததைத் திரையில் காட்டினார். அரிசிமணியைவிடச் சிறிதாக ஐந்தாறு இடத்தில் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். வந்த பெயர் ஈசினோஃபிலிக் ஈசஃபஜைட்டிஸ். ஈசினோஃபில் என்பது அலர்ஜியின்போது கூடுகிற ஒருவகை வெள்ளை அணு. ஆரோக்கியமான உணவுக்குழாயில் அது இருக்கவே கூடாது. மைக்ராஸ்கோப்பில் ஒரு பார்வைக்கு 15 அல்லது அதற்கு மேல் தெரிந்தால் இந்த நோயாக இருக்கலாம் என்று கணக்கு. எனக்கு 48.

மருந்தும் உண்டு, சாப்பாட்டை மாற்றியும் பார்க்கலாம் என்றார் டாக்டர். பால், கோதுமை, முட்டை, சோயா, கொட்டைப் பருப்புகள், மீன் இறால் நண்டு என்று ஆறு வகையை ஆறு வாரம் முழுவதும் விடுவது ஒரு வழி. சிகாகோவில் குழந்தைகளுக்குச் செய்து பார்த்து 2006-ல் எழுதிய முறை அது. பாலை மட்டும் விடுவது இன்னொரு வழி. அமெரிக்காவில் 129 பெரியவர்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்து 2023-ல் வெளியிட்டிருக்கிறார்கள். ஆறையும் விட்டவர்களில் நூற்றுக்கு 40 பேருக்கு அந்த அணு 15-க்குக் கீழே இறங்கியது, பாலை மட்டும் விட்டவர்களில் 34 பேருக்கு. பெரிய வித்தியாசம் இல்லை, உங்கள் விருப்பம் என்றார். எனக்குச் சப்பாத்தி தின்ற நாளெல்லாம் மோசமான நாள். அதனால் ஆறையும் விடுகிறேன் என்று சொன்னேன்.

அங்கேயே ஒரு டயட்டீஷியன் மேடம் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேசினார். நான் எழுதுவதைப் பார்த்து யாரும் தாமாகவே தொடங்கிவிடக் கூடாது என்பதற்காக அவர் சொன்னதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏதாவது தின்றால் முகம் வீங்கி மூச்சுத் திணறுகிறவர்கள் வீட்டில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. மற்றவர்களும் டாக்டர் பார்வையில்தான் செய்ய வேண்டும். அதிலும் குழந்தைகள் என்றால் சத்துக் குறைந்துவிடும். எனக்கு அவர் கடைசியாகச் சொன்னது, "பின்பக்கம் படிக்காம ஒரு பாக்கெட்டும் பிரிக்கக் கூடாது."

எனக்கு அது அவ்வளவு பெரிய காரியமாகத் தோன்றவில்லை. நாங்கள் குமரி மாவட்டத்தில் வேர்க்கிளம்பிப் பக்கம். காலையில் புட்டும் பயறும், மத்தியானம் சோறு, சாயங்காலம் மரச்சீனிக்கிழங்கு அவித்து உள்ளியும் மிளகாயும் நுணுக்கிய சம்மந்தி. சேனை, சிறுகிழங்கு, காய்ச்சில் எல்லாம் சந்தையில் கிடைக்கும். தேங்காய் வீட்டில் கிடக்கிறது. மட்டிப்பழம் குலையாகவே தொங்கும். மீனை விடுவதுதான் கஷ்டம், மற்றபடி நம் சாப்பாட்டில் பாக்கெட் எங்கே இருக்கிறது என்று நினைத்தேன். அன்று ராத்திரி அடுக்களையில் லேபிள் ஒட்டிய எல்லாவற்றையும் எடுத்து மேசையில் வைத்தேன். 31 உருப்படி. சாம்பார்ப்பொடி, மீன்மசாலா, புட்டுமாவு, மகனுக்கு வாங்கிய மால்ட் பொடி, பிஸ்கட், ஊறுகாய், சோயா சாஸ், வறுத்த சேமியா, காயப்பொடி என்கிற பெருங்காயப்பொடி. நம் சாப்பாட்டுக்குள் பாக்கெட் இவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பது மேசையில் அடுக்கிப் பார்க்கும்வரை எனக்குத் தெரியாது.

படிக்கத் தொடங்கியதும் முதலில் கற்றுக்கொண்டது, முன்பக்கம் நமக்கானது இல்லை. என் கையில் இருந்த ஒரு பிஸ்கட்டின் முன்பக்கத்தில் ராகிக் கதிர் படம், பெரிய எழுத்தில் ராகி. பின்பக்கத்தில் முதல் பெயர் மைதா. ராகி 12 சதவீதம். நம் நாட்டு விதிப்படி உள்ளே இருப்பவற்றை எடை அதிகமானதிலிருந்து குறைந்ததுவரை வரிசையாக எழுத வேண்டும். அதனால் முதல் மூன்று பெயரைப் பார்த்தாலே அது என்ன பண்டம் என்று தெரிந்துவிடும். ஆனால் என்னைப் போன்றவளுக்கு முதல் மூன்று போதாது, கடைசிப் பெயர்வரை வேண்டும். கால் சதவீதம் இருந்தாலும் எனக்கு அது உண்டு அல்லது இல்லை, நடுவில் ஒன்றும் கிடையாது.

பச்சைப் புள்ளியை நம்பியதும் என் தப்பு. பச்சை என்றால் சைவம், அவ்வளவுதான். பாலும் நெய்யும் சைவத்தில் சேர்த்தி. முட்டை போட்டால் பழுப்பு முக்கோணம் வந்துவிடும், அதனால் முட்டைக்கு மட்டும் அந்தச் சின்னம் கொஞ்சம் உதவும். பால் இல்லாததைத் தேடினால் செடியின் இலையோடு கூடிய வீகன் சின்னம் 2022-ல் வந்த விதியில் இருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் அதை நான் பார்த்தது இரண்டே பாக்கெட்டில்.

நம்பத்தக்க ஓரிடம் உண்டு. பட்டியல் முடிகிற இடத்தில் தடித்த எழுத்தில் 'கன்டெயின்ஸ்', அதாவது இதில் இவை உண்டு என்று ஒரு வரி. 2020-ல் வந்த லேபிள் விதிப்படி பசையம் (குளூட்டன்) உள்ள தானியம், இறால் நண்டு வகை, முட்டை, மீன், நிலக்கடலையும் மரக்கொட்டைகளும், சோயா, பால், கெடாமல் இருக்கப் போடுகிற சல்ஃபைட் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் அது ஆகியவற்றை அப்படித் தனியாகச் சொல்ல வேண்டும். என் ஆறும் அதற்குள் வந்துவிட்டது எனக்கு அதிர்ஷ்டம். எள்ளோ கடுகோ ஆகாதவர்களுக்கு அந்த வரியில் ஒன்றும் இருக்காது, அவர்கள் முழுப் பட்டியலையும்தான் தேட வேண்டும். 'மே கன்டெயின்', அதாவது இருக்கலாம் என்று இன்னொரு வரி இருந்தால், அதே மெஷினில் வேறெதையோ அரைக்கிறார்கள் என்று பொருள். என் மேடம் அதையும் ஆறு வாரத்துக்கு ஒதுக்கச் சொன்னார். அந்த வரி இல்லாத பாக்கெட் சுத்தமான மெஷினில் அரைத்தது என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது.

ஒவ்வொன்றுக்கும் பல பெயர். பால் என்பது மில்க் சாலிட்ஸ், வே, கேசீன், சோடியம் கேசினேட் என்றெல்லாம் வரும். கோதுமை மைதாவாக, ரவையாக, குளூட்டனாக வரும். சேர்மானப் பொருள்களைப் பெயருக்குப் பதில் ஐஎன்எஸ் எண்ணாலும் எழுதுவார்கள், 322 என்றால் லெசிதின், பெரும்பாலும் சோயாவிலிருந்து எடுப்பது. சாக்லேட், பிஸ்கட் பலவற்றிலும் அது உண்டு. சிப்ஸ் மசாலாவில் ஹைட்ரோலைஸ்டு வெஜிடபிள் புரோட்டீன் என்று நீளமாக ஒன்று வரும், அது சோயாவாகவோ கோதுமையாகவோ இருக்கலாம். சோயா சாஸில் சோயா இருப்பது பெயரிலேயே தெரியும். பெரும்பாலும் அதில் கோதுமையும் போட்டுப் புளிக்க வைக்கிறார்கள் என்பது எனக்குப் புதுச் செய்தி.

இதையெல்லாம் படிக்கக் கண் வேண்டும். சிவப்புக் கவரில் மஞ்சள் எழுத்து, மினுங்குகிற வெள்ளித்தாளில் வெள்ளை எழுத்து, கவரை ஒட்டிய மடிப்புக்குள் பாதி வரி. போன் கேமராவில் படம் எடுத்துப் பெரிதாக்கித்தான் படித்தேன். 'லேபிள்' என்று தனி ஆல்பமே போனில் இருக்கிறது. நான் வேலை பார்க்கிற ஹார்டுவேர் கடை தக்கலையில். சாயங்காலம் கணக்கை முடித்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய் ஒரு புட்டுமாவு வாங்க இருபது நிமிடம் ஆகும். கடைக்கார அண்ணன் முதல் நாள் "என்னம்மா, எக்ஸ்பைரி பாக்கீங்களா? எல்லாம் புது சரக்கு" என்று கொஞ்சம் மனம் நொந்து கேட்டார். நோயைச் சொன்னேன். அடுத்த வாரம் கல்லாப்பெட்டி மேசையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து நீட்டினார். நன்றாக இருக்கட்டும் அவர்.

இனி அம்மாவைப் பற்றி.

அம்மா 28 வருடம் அண்டி ஆபீசில் வேலை பார்த்தவள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், முந்திரி ஆலையை எங்கள் பக்கம் அண்டி ஆபீஸ் என்போம். எங்கள் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகள் அந்தக் கூலியில் எழும்பியவை, எங்கள் வீடும்தான். முதலில் தோல் உரிக்கிற பிரிவு, அப்புறம் தரம் பிரிக்கிற பிரிவு. முழுப்பருப்புக்கு 180, 240, 320 என்று எண் உண்டு. ஒரு பவுண்டுக்கு எத்தனை பருப்பு நிற்கும் என்பதுதான் அந்த எண். எண் கூடக் கூடப் பருப்பு சிறிது. அம்மாவின் கண்ணுக்கு 240-ம் 320-ம் தூரத்தில் வரும்போதே தெரியும். அப்படிப்பட்டவளின் மகள் ஒரு பருப்பைக்கூட வாயில் போடக் கூடாது என்றதும் அவள் ஒன்றும் பேசவில்லை. சாமான் அறையில் கொல்லாம்பருப்பு வைத்திருந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் சித்தி வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள்.

அம்மாவுக்குத் தமிழ் நன்றாகப் படிக்கத் தெரியும். ஆங்கிலம் தெரியாது. பாக்கெட்டின் பின்பக்கமோ பெரும்பாலும் ஆங்கிலம், இல்லாவிட்டால் இந்தி. தமிழ் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம். அடுக்களையில் நிற்கிற பெண்களில் எத்தனை பேருக்கு அந்தப் பட்டியல் எட்டும்? சமைப்பது அவர்கள், வாங்குவது அவர்கள். வீட்டில் யாருக்காவது ஆகாதது ஒன்று இருந்தால் அதைக் கண்டுபிடிக்கிற வழி அவர்களுக்கு அடைத்துக் கிடக்கிறது.

நான் வேலைக்குப் போனால் சமையல் அம்மாதான். அதனால் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் பன்னிரண்டு ஆங்கிலச் சொல் எழுதி, பக்கத்தில் தமிழில் பொருள் எழுதிக் கொடுத்தேன். கீழே 322 என்ற எண். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அட்டையை ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் கோதுமைக்கான சொல்லின் முதல் எழுத்தில் விரலை வைத்து, "இது எனக்குத் தெரியும் மக்ளே. பெட்டியில நம்பருக்கு முன்னால போடுவாவ" என்றாள். உண்மைதான். முந்திரித் தரத்தில் எண்ணுக்கு முன்னால் டபிள்யூ போடுவார்கள். டபிள்யூ 240, டபிள்யூ 320. அம்மாவுக்குத் தெரிந்த ஒரே ஆங்கில எழுத்து அது. கோதுமையும் அதே எழுத்தில் தொடங்குகிறது, பாலிலிருந்து வருகிற வேயும் அதே எழுத்தில் தொடங்குகிறது.

பிப்ரவரி 10 திங்கட்கிழமை தொடங்கினேன். மூன்று வாரம் ஒழுங்காகப் போயிற்று. மீன்காரி வாசலில் கூடையை இறக்கிவைத்து நெய்ச்சாளை என்று கூப்பிடும்போது மட்டும் உள்ளே போய்விடுவேன். காப்பிக்குப் பாலுக்குப் பதில் கருப்பட்டி போட்ட கடுங்காப்பி. நோட்டில் ஒவ்வொரு வேளையும் என்ன தின்றேன், இறங்கியதா என்று எழுதினேன்.

மார்ச் 2, ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து சேலை மாற்றிக்கொண்டிருந்தேன். அம்மா அடுக்களையிலிருந்து கூப்பிட்டாள். குரல் சரியில்லை. போய்ப் பார்த்தால் காயப்பொடி டப்பாவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சுண்டுவிரல் உயரம் உள்ள டப்பா. அதன் பின்னால் எறும்பு வரிசை மாதிரி எழுத்து. மஞ்சள்தூள் பட்டு ஓரம் கறை பிடித்திருந்தது. அம்மா கட்டைவிரல் நகத்தை ஒரு சொல்லுக்குக் கீழே அழுத்தி வைத்திருந்தாள், நகம் பட்டு அந்த இடத்தில் லேபிள் லேசாகக் கிழிந்திருந்தது. "இஞ்ச பாரு. இது அந்த எழுத்துதானே? அட்டையில உள்ளது மாதிரியே முழுசும் இருக்கு."

போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினேன். உண்ணத்தக்க பிசின், கோதுமை மாவு, காயம். அந்த வரிசையில்தான் இருந்தது. காயத்தைவிட மாவு கூடுதல்.

முதல் நாள் மேசையில் அடுக்கிய 31-ல் அந்த டப்பாவும் இருந்தது. அதை மட்டும் நான் திருப்பிப் பார்க்கவில்லை. காயத்தில் காயத்தைத் தவிர என்ன இருக்கப் போகிறது என்ற நினைப்புதான். பிறகு மேடம் விளக்கினார். தனிக்காயம் ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கத்துச் செடியின் வேரில் வடிகிற பால், அப்படியே போட்டால் காரமும் நெடியும் தாங்காது. அதனால் பிசினும் மாவும் சேர்த்துக் கூட்டுப்பெருங்காயமாக விற்கிறார்கள். சட்டப்படி சரிதான், லேபிளிலும் எழுதியிருக்கிறார்கள். கோதுமை மாவுக்குப் பதில் அரிசி மாவு போட்டதும் கடையில் உண்டு. நான் படிக்காததுதான் குறை.

ரசத்தில், சாம்பாரில், பயற்றில், அவித்த கிழங்கு வாயு பிடிக்கும் என்று கிழங்கில்கூட ஒரு சிட்டிகை. மூன்று வாரமும் தினமும் இரண்டு வேளை. மேடத்துக்குப் போன் செய்தேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அளவு குறைவுதான். ஆனா ரிசல்ட் வரும்போது கோதுமையை விட்டோமா இல்லையான்னு நமக்கே தெரியாம போயிரும். நாளைக்கு முதல் நாள்னு வச்சுக்குங்க" என்றார். போனை வைத்துவிட்டு அழுதேன். அம்மா டப்பாவைக் கொல்லைக்குக் கொண்டுபோய்த் தென்னைமூட்டில் கொட்டிவிட்டு, கழுவிக் கவிழ்த்துவைத்தாள். மத்தியானம் ரசத்தில் பூண்டும் மிளகும் கூடுதலாகத் தட்டிப் போட்டிருந்தாள்.

மார்ச் 3-லிருந்து மறுபடியும் எண்ணினேன். 5-ம் தேதி சாம்பல் புதன், லெந்து என்கிற தவக்காலம் தொடங்கிவிட்டது. அதனால் மீனும் முட்டையும் தொடாததற்கு அக்கம்பக்கத்தில் யாரும் காரணம் கேட்கவில்லை. அந்த விதத்தில் ஆறுதலான ஆறு வாரம்.

இடையில் அம்பத்தூரிலிருந்து அண்ணனும் மைனியும் வந்தார்கள். எனக்குப் பால் ஆகாது என்று கேள்விப்பட்டு மைனி தேங்காய்ப்பால் பொடி நாலு பாக்கெட் வாங்கி வந்திருந்தார்கள். "பாலுக்குப் பதிலா இதைக் கலக்கிக் குடி, உனக்காகத் தேடி வாங்கினேன்." பாக்கெட்டைத் திருப்பினேன். தேங்காய்ப்பால் திடப்பொருள், மால்ட்டோடெக்ஸ்ட்ரின், சோடியம் கேசினேட். தேங்காய்ப்பால் பொடியில் பால் புரதம். கொழுப்பு பிரியாமல் பொடியாக நிற்பதற்காகச் சேர்ப்பதாம். மைனியின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழும்பவில்லை. சொன்னேன். மைனி பாக்கெட்டை வாங்கித் தாமே படித்துப் பார்த்தார்கள். அப்புறம் அம்மாவிடம் தேங்காய்த் துருவியைக் கேட்டு வாங்கி, இரண்டு தேங்காய் துருவிப் பிழிந்து கருப்பட்டியும் ஏலமும் போட்டுத் தந்தார்கள். அதில் படிக்க ஒன்றும் இல்லை.

தேங்காய் பற்றி ஒரு வாரம் பயந்தேன். வெளிநாட்டுப் பட்டியல்களில் மரக்கொட்டைகளோடு தேங்காயையும் எழுதியிருந்ததைப் படித்துவிட்டேன். தேங்காயும் இல்லை என்றால் எங்கள் ஊரில் எதைத் தின்பது? மேடம் சொன்னார், அது அமெரிக்க உணவு-மருந்து அமைப்பான எஃப்.டி.ஏ.வின் பழைய பட்டியல், அந்த 2025 ஜனவரியில் அவர்களே தேங்காயை அதிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று. அன்றைக்குத்தான் அவியலை மனம் நிறையத் தின்றேன்.

குடிப்பதில் மால்ட் பொடி முதல் நாளே போய்விட்டது. அதில் பார்லி, கோதுமை, பால் மூன்றும். பாதாம் பானம் கேட்கவே வேண்டாம். பாட்டிலில் வருகிற கலர் சோடாவைப் படித்தால் தண்ணீர், சர்க்கரை, நிறம், அமிலம், என் ஆறில் ஒன்றும் கிடையாது. என் பட்டியலுக்கு அது பாஸ். ஆனால் என் லேபிள் பார்வை ஒரே ஒரு கேள்விக்கான பார்வை என்பதை அந்தச் சோடா ஞாபகப்படுத்தியது. ஆறு இல்லை என்பதால் உடம்புக்கு நல்லது என்று ஆகிவிடாது. மார்ச் ஏப்ரலில் அக்கானி என்கிற பதநீர் கிடைத்தது. தெரிந்த பனையேறி தாத்தா காலையில் கொண்டுவருவார். சுண்ணாம்பு தவிர வேறொன்றும் போடுவதில்லை என்று அவரே சொல்வார்.

லேபிள் இல்லாத இடங்கள்தான் ஓயாத தொல்லை. பேக்கரிக் கண்ணாடிக்குள் இருப்பதில் ஒன்றுக்கும் பட்டியல் கிடையாது. பெட்டிக்கடையில் தொங்குகிற அஞ்சு ரூபாய்ப் பாக்கெட்டுகள் பலவற்றில் பெயரும் விலையும்தான் இருக்கும். 100 சதுர சென்டிமீட்டருக்கு மேற்படாத சின்னக் கவரில் பட்டியல் போடாமல், மொத்தமாக வருகிற பெரிய கவரில் போட்டால் போதும் என்று விதி. அந்தப் பெரிய கவரைக் கடைக்காரர் என்றைக்கோ எறிந்திருப்பார். ஏத்தங்காய் சிப்ஸுக்கு வேண்டியது காய், தேங்காய் எண்ணெய், உப்பு, மஞ்சள். ஆனால் அதே சட்டியில் முன்னால் என்ன பொரித்தார்கள் என்பது எந்த ஸ்டிக்கரிலும் வராது. ஒரு மகளிர் குழு முறுக்குப் பாக்கெட்டில் போன் நம்பர் மட்டும் இருந்தது. கூப்பிட்டுக் கேட்டேன். எடுத்த அக்கா ஒளிக்காமல் சொன்னார்கள். "அரிசிமாவு, உளுந்து, ஓமம்தான் மோளே. ஆனா காலையில மைதா போட்ட சீவலும் அதே எண்ணெயிலதான் போட்டோம். உனக்கு வேண்டாம். திங்கக்கிழமை புது எண்ணெய் வைப்போம், முதல் ஈடு முறுக்கு உனக்கு எடுத்து வைக்கேன்." எடுத்தும் வைத்தார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒருமுறை படித்துச் சரி என்று முடிவுசெய்த பண்டத்தை அடுத்த முறை படிக்காமல் வாங்கக் கூடாது. பிப்ரவரியில் நான் போட்டோ எடுத்து வைத்திருந்த ஒரு மிக்சர், அதே கவர், அதே படம். ஏப்ரலில் வாங்கியதை ஆல்பத்தோடு ஒப்பிட்டபோது மசாலாவில் மில்க் சாலிட்ஸ் புதிதாகச் சேர்ந்திருந்தது. கவரின் முன்பக்கம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஏப்ரல் 15 செவ்வாய்க்கிழமை மறுபடி கேமரா. 18-ம் தேதி பெரிய வெள்ளி, மூன்று மணி ஆராதனை முடிந்து சர்ச் வளாகத்தில் கஞ்சியும் பயறும். பெரிய பானையைக் கிண்டிக்கொண்டிருந்த சித்தியிடம் போய், காயம் போட்டீர்களா என்று கேட்டேன். "பயற்றுக்குத் தேங்காயும் சீரகமும் பச்சைமிளகாயும்தான்" என்றார்கள். நாலு வருடத்தில் முதல்முறையாகத் தண்ணீர் தொடாமல் ஒரு கும்பாக் கஞ்சி உள்ளே போயிற்று. நான் கவனிக்கவில்லை, மகன்தான் சொன்னான்.

சனிக்கிழமை ரிசல்ட் வந்தது. 48 இருந்த இடத்தில் 4. ஆறில் ஏதோ ஒன்றோ இரண்டோதான் என்னை இந்தப் பாடு படுத்தியிருக்கிறது. எது என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். முதலில் மீன் என்றார் டாக்டர். கோதுமையும் பாலும் கடைசியில், அது வருடம் முடியும்வரை ஆகும்.

மறுநாள் ஈஸ்டர். விடியற்கால ஆராதனை முடிந்து வீட்டுக்கு வரும்போதே மண்சட்டியில் சாளை கொதிக்கிற வாசனை முற்றத்தில் நின்றது. அம்மா புளியும் தேங்காயும் தானே அரைத்திருந்தாள். மீன்மசாலாப் பாக்கெட்டைப் பிரிக்கவில்லை. "படிச்சுப் பார்த்தேன், ஒண்ணும் இல்ல. இருந்தாலும் எதுக்கு" என்றாள். ஒரு துண்டை முள் எடுத்து என் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, நான் விழுங்கும்வரை எதிரே நின்றாள். பன்னிரண்டு சொல் எழுதிய அந்த அட்டை அவளுக்குப் பின்னால் அலமாரிக் கதவில், புட்டுமாவு பட்டு ஓரம் வெளுத்துப்போய் ஒட்டியிருந்தது.